எல்.ஆரில் ஒரு பெயர், ஆர்.சி.யில் இன்னொரு பெயர்

ஜவ்வரிசியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது பாயசம் வைத்த எல்லோருக்கும் தெரியும். 200 மூட்டையில் பட்டால் என்ன ஆகும் என்பதை நான் தெலங்கானாவில், நிர்மலைத் தாண்டி ஒரு நெடுஞ்சாலையோரப் பள்ளத்தில் நின்று பார்த்தேன். சாக்குகள் ஊதி, தையல் பிரிந்து, வெள்ளைக் கூழ் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் மழையில் புளிப்பு வாடை வேறு. லாரி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்ததால் பின்சக்கரங்கள் கண்ணுக்கு நேராக இருந்தன. உள்பக்கத்து டயர் ஒன்றில் கம்பி தெரிந்தது. சரக்கு ஏற்றிய அன்று நான் அந்த வண்டிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். டயரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சேலத்தில் எங்களுக்கு ஜவ்வரிசி வியாபாரம். அப்பா ஆரம்பித்தது, 2016-இலிருந்து நான் பார்க்கிறேன். ஆலைகளிலும், ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் நடத்தும் ஏலத்திலும் வாங்கி வடக்கே அனுப்புவோம். நம் பக்கம் பாயசத்துக்கும் வடாமுக்கும் போவது கொஞ்சம்தான். மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் விரத நாள் என்றால் சாபுதானா கிச்சடி. அதனால் சாவன் மாதத்துக்கு முன்பும் நவராத்திரிக்கு முன்பும் இங்கே எல்லோருக்கும் ஒரே வாரத்தில் லாரி வேண்டும். வாடகை ஏறும், வண்டி கிடைக்காது, மூளையும் சரியாக வேலை செய்யாது.

2019 ஜூலையில் அப்படி ஒரு வாரம். இந்தூர் பார்ட்டி சனிக்கிழமைக்குள் லோடு கிளம்ப வேண்டும் என்று நெருக்கினார். வழக்கமாக அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டில் வண்டி இல்லை. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த நம்பரில் ஒரு புரோக்கரைக் கூப்பிட்டேன். "பக்கா வண்டிங்க மேடம். நாமக்கல் பாடி. டிரைவர் நம்ம பையன்தான். வாடகையும் மத்தவங்களை விட ரெண்டாயிரம் கம்மி பண்ணித் தர்றேன்" என்றார். வாட்ஸ்ஆப்பில் ஆர்.சி. புத்தகத்தின், அதாவது வண்டியின் பதிவுச் சான்றின், போட்டோ வந்தது. எங்கள் கணக்குப்பிள்ளை அதைப் பார்த்து வண்டி எண்ணை, சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லில் அடித்தார். எங்கள் சரிபார்ப்பு அவ்வளவுதான். 78,000 ரூபாய் வாடகையில் 65,000 அட்வான்ஸ் போனது. படுதா கட்டி வண்டி கிளம்பியது.

மூன்றாம் நாள் விடிகாலை டிரைவரே போன் செய்தார். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை, வண்டி சாய்ந்துவிட்டது, கால் உடைந்துவிட்டது. "சரக்கு எல்லாம் போச்சுக்கா, மன்னிச்சுக்கோங்க" என்றார் அந்தப் பையன். இதில் என்னிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து பேசிய அவர்தான். புரோக்கர் அன்று மதியத்திலிருந்து போனை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் வண்டி எண்ணை முதல்முறையாக, வண்டிப் பதிவு விவரங்களுக்கான அரசின் வாகன் தளத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நிமிட வேலை. எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, முடிந்து 3 வாரம் ஆகியிருந்தது. இன்சூரன்ஸ் முடிந்து 11 நாள். எல்.ஆரில், அதாவது சரக்கை ஏற்றியதற்கு டிரான்ஸ்போர்ட் தரும் லாரி ரசீதில், அச்சடித்திருந்த ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டால் 'ரத்து செய்யப்பட்டது' என்று வந்தது. அந்த எல்.ஆர். தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மேலே கலரில் ஒரு லாரி படம், 'இந்தியா முழுவதும் தினசரி சர்வீஸ்', அடியில் பொடி எழுத்தில் 'சரக்கு உரிமையாளர் பொறுப்பில்'. விலாசம் என்று இருந்தது லாரி ஷெட்டில் ஒரு மேசை. வண்டியின் பதிவு நாகாலாந்து, என்.எல். 01. ஓனர் சங்ககிரிக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு 9 நாள் பிடித்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். லாரி கம்பெனியைச் சரிபார்க்கிறோம் என்று நாம் சொல்லும்போது ஒரு கம்பெனி இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். பெரிய பார்சல் சர்வீஸ்களை விட்டுவிட்டால், முழு லோடு எடுக்கும் உலகத்தில் பெரும்பாலும் அப்படி ஒன்று இல்லை. எல்.ஆர். போடுபவர் ஒருவர், வண்டிக்குச் சொந்தக்காரர் இன்னொருவர், ஓட்டுபவர் மூன்றாவது ஆள். நடுவில் இரண்டு புரோக்கர்கூட இருப்பார்கள். ஒருவரின் காகிதம் சரியாக இருப்பதால் மற்றவருடையதும் சரி என்று ஆகாது. நல்ல பெயருள்ள டிரான்ஸ்போர்ட்டும் சீசனில் வெளிவண்டி பிடித்துத்தான் அனுப்புகிறது. ஆகவே மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நான் இப்போது செய்வது அதைத்தான்.

வண்டியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுலபம். பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் ஆப்பிலோ வண்டி எண்ணைப் போட்டால் பதிவு தேதி, வண்டி வகை, எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி, பெர்மிட் எல்லாம் எந்தத் தேதி வரை என்று வரிசையாக வரும். ஓனர் பெயரில் பாதி எழுத்து நட்சத்திரக் குறியாக மறைந்திருக்கும், ஆனாலும் ஆர்.சி. நகலோடு ஒப்பிட அது போதும். முக்கியமான விஷயம், நானே எண்ணை அடித்துப் பார்க்கிறேன். அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை வாங்குவதில்லை. ஒரு முறை வந்த ஸ்கிரீன்ஷாட்டில் தேதி மட்டும் வேறு எழுத்துருவில் இருந்தது. இதைச் செய்தவருக்கு இன்னும் கொஞ்சம் சிரத்தை இருந்திருந்தால் நான் ஏமாந்திருப்பேன்.

தேதி இன்றைக்குச் செல்லுபடியானால் போதாது. இந்தூர் போக 5, 6 நாள், மழை என்றால் 8. இ-வே பில்லே 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டருக்கு 8 நாள். வண்டியின் எல்லாத் தேதிகளும் அந்த 8 நாளைத் தாண்டி நிற்க வேண்டும். வண்டியின் வயதையும் பார்க்கிறேன். முதல் 8 ஆண்டுவரை எஃப்.சி. 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். புது எஃப்.சி. என்பதால் வண்டி புதுசு என்று அர்த்தமில்லை. நேஷனல் பெர்மிட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. பெர்மிட் 5 ஆண்டுக்கு இருக்கும், ஆனால் வெளிமாநிலம் போவதற்கான அனுமதியை ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். சிலர் அந்த 5 ஆண்டுப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புவார்கள்.

என்.எல். பதிவு என்றாலே வேண்டாம் என்று சொல்லும் வியாபாரிகள் உண்டு. நான் அப்படி இல்லை. வரி, பெர்மிட் சௌகரியத்துக்காக அங்கே பதிவு செய்த நல்ல ஓனர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் வண்டி நாளை பள்ளத்தில் கிடந்தால் நான் எந்த ஊருக்குப் போய் யார் கதவைத் தட்டுவது என்பது ஏற்றுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஓனரிடம் ஒரு தடவையாவது நேரில் இல்லையென்றால் வீடியோ காலில் பேசிவிடுகிறேன்.

ஆப்பில் வருவதும் வாசலில் நிற்பதும் ஒரே வண்டிதானா என்று பார்ப்பது அடுத்தது. 2022-இல் ஒரு நாள் திறந்த பாடி வண்டி ஒன்று வந்து நின்றது. எண்ணைப் போட்டேன், பாடி வகை 'டேங்கர்' என்று வந்தது. தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி அடித்தேன், அதே டேங்கர். சேஸிஸ் சட்டத்தில் முன்சக்கரத்துக்குப் பக்கமாக எண் குத்தியிருக்கும், அதைக் காட்டச் சொன்னேன். "சேறு அப்பியிருக்குதுங்க, ஒரு டீ சாப்பிட்டு வந்து தொடைச்சுக் காட்டறேன்" என்றார் டிரைவர். டீ குடிக்க வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. எங்கள் லோடுமேன் ஆறுமுகம் அண்ணன் இன்றைக்கும் டீ டைம் வந்தால் "டேங்கர் வந்துருச்சாம்மா?" என்று கேட்டுச் சிரிப்பார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. போலி நம்பர் பிளேட்டில் லோடோடு காணாமல் போகும் வண்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், என் வாசல்வரை வரும் என்று நினைத்ததில்லை.

எடை விஷயத்தில் ஆப் எதையும் காப்பாற்றாது, நாம்தான் கணக்குப் போட வேண்டும். ஆர்.சி.யில் மொத்த எடை 28,000 கிலோ, காலி எடை 9,800 கிலோ என்றால் ஏற்றக்கூடியது 18,200 கிலோ. 90 கிலோ மூட்டை 200 போட்டால் 18,000. சாக்கின் எடையும் சேர்ந்தால் சரியாக இருக்கும். "இன்னும் 30 மூட்டை தாங்குங்க" என்று வண்டிக்காரரே சொல்வார், வாங்குபவரும் ஆசைப்படுவார். அது இரண்டே முக்கால் டன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. அதைவிட, இறக்கத்தில் அந்த இரண்டே முக்கால் டன்னையும் சேர்த்துத்தான் பிரேக் பிடிக்க வேண்டும். நிர்மல் வண்டியில் பாரம் சரியாகவே இருந்தது, அதுவே நிற்கவில்லை.

என் பெரியப்பா பையன் டல்லாஸில் ஒரு கிடங்கில் லோடு அனுப்பும் பிரிவில் இருக்கிறான். இந்தக் கதையைக் கேட்டு அவனுக்கு ஆச்சரியம். அங்கே மாநிலம் தாண்டி ஓடும் லாரிகளின் கதவில், அமெரிக்கப் போக்குவரத்துத் துறை கம்பெனிக்குத் தரும் யு.எஸ்.டாட் எண் எழுதியிருக்குமாம். அதை அரசின் சேஃபர் தளத்தில் போட்டால் அந்தக் கம்பெனிக்கு எத்தனை வண்டி, எத்தனை டிரைவர், கடந்த 24 மாதத்தில் எத்தனை முறை சோதனை செய்தார்கள், அதில் எத்தனை தடவை 'ஓட்டக் கூடாது' என்று நிறுத்தி வைத்தார்கள், எத்தனை விபத்து என்று எல்லாம் வருமாம். அவன் அனுப்பிய ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். லாரிக் கம்பெனி வாரியாக விபத்துக் கணக்கை இப்படி எண்ணைத் தட்டி வியாபாரி பார்த்துக்கொள்ளும் வசதி நமக்கு இல்லை.

அதற்குப் பதிலாக நான் வண்டியின் போக்குவரத்து அபராதச் சீட்டுகளை, அதாவது இ-சலான் பார்க்கிறேன். வண்டி எண்ணோடு சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி இலக்கங்களையும் கேட்கும், ஆர்.சி. நகல் கையில் இருந்தால் போதும். சலானே இல்லாத வண்டி வேண்டும் என்று நான் தேடுவதில்லை, தேடினால் கிடைக்காது. நோ பார்க்கிங்கும் நகருக்குள் நேரம் தவறி நுழைந்ததும் தொழிலில் சகஜம். அதிக வேகம், அதிக பாரம், சிக்னல் மீறல் திரும்பத் திரும்ப இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். கட்டாமல் கிடக்கும் சலானும் ஒரு சேதிதான். 2,000 ரூபாய் சலானை 2 வருஷமாகக் கட்டாதவர் பிரேக் லைனிங் மட்டும் நேரத்துக்கு மாற்றுவாரா?

அப்புறம் எல்.ஆர். போடும் டிரான்ஸ்போர்ட். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007-இல் ஒரு சட்டம் வந்தது, 2011 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு 1865-ஆம் ஆண்டுச் சட்டம்தான். புதுச் சட்டப்படி, எல்லோரிடமும் சரக்கு வாங்கி ரசீது போட்டு அனுப்பும் தொழில் செய்பவர் 'பொதுச் சரக்கு எடுத்துச்செல்பவர்' என்று பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்று 10 ஆண்டு செல்லும். லாரி ஷெட்டில் போய் இந்தச் சான்றைக் கேட்டால் பாதிப் பேர் "என்ன சர்ட்டிபிகேட்டுங்க?" என்பார்கள். ஆனாலும் கேட்கிறேன். எடுத்துக் காட்டுபவர் ஒருவர் கிடைத்தால் அவரை விடுவதில்லை.

ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் நிறுவனத்தின் சட்டப் பெயர், பதிவு நாள், இப்போது நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். அந்த 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த 10 எழுத்தும் அவருடைய பான் எண். 10 வண்டிக்கு மேல் இல்லாதவர்கள் வாடகையில் வருமான வரிக்கான டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம் என்று பான் எண்ணோடு ஓர் உறுதிமொழி தருவார்கள். அதில் உள்ள பானும், ஜி.எஸ்.டி. எண்ணுக்குள் இருக்கும் பானும், அட்வான்ஸ் போடச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று எங்கள் கணக்குப்பிள்ளை இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறார். 'மச்சான் அக்கவுண்டுக்குப் போட்டுருங்க' என்றால் பணம் போகாது.

அந்த 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்கு வலித்துப் படித்த பாடம் இரண்டு. சரக்கு சேதமானால், சரக்கைப் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்குப் போட முடியாது. "பேசி முடிச்சுக்கலாங்க", "தீபாவளி போகட்டுங்க" என்று என்னை 5 மாதம் இழுத்தார்கள். வக்கீல் காலண்டரைப் பார்த்துப் பதறி நோட்டீஸ் அனுப்பியபோது 161 நாள் ஆகியிருந்தது. 'சரக்கு உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சடித்துவிட்டதாலேயே அவர்கள் தப்பிவிட முடியாது என்றும் அவர்தான் சொன்னார். இரண்டாவது, அதிக மதிப்பு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாத வரை, அவர்கள் பொறுப்பு வாடகையின் 10 மடங்குக்கு மேல் போகாது. என் விஷயத்தில் 7,80,000. சரக்கின் மதிப்பு 9 லட்சத்துக்கு மேல். கடைசியில் ஓனர் தவணை தவணையாகக் கொடுத்தது இரண்டரை லட்சம். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. இருந்த ஒரே வண்டி அது, அதுவும் ஃபைனான்ஸில் ஓடிய வண்டி.

இன்னொரு தவறான நம்பிக்கையும் எனக்கு இருந்தது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் சரக்குக்கும் சேர்த்துத்தான் என்று. இல்லை. வண்டியின் பாலிசி வண்டிக்கும் மூன்றாம் நபருக்கும்தான். சரக்குக்கு நாம் தனியாக எடுக்க வேண்டும். அதை மரைன் பாலிசி என்கிறார்கள், ஓசூர் வழியாகப் போகும் லாரிக்குக் கடல் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு லோடுக்கும் அறிவித்துக்கொள்ளும் ஓபன் பாலிசி இருக்கிறது, இப்போது அதுதான் எங்களிடம். ஆனால் பாலிசி எடுத்துவிட்டோம் என்று வண்டியைப் பார்க்காமல் விடவும் முடியாது. தகுதியில்லாத வண்டி என்று தெரிந்தே ஏற்றினால் கிளைம் கிடையாது என்ற நிபந்தனை அதில் இருக்கிறது.

டிரைவரைப் பற்றி இத்தனை நேரம் சொல்லவில்லை. லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் சாரதி தளத்தில் நிலை தெரியும். கனரக வாகனம் ஓட்டத் தகுதி உண்டா, எதுவரை என்று பார்க்கலாம். முன்பின் தெரியாத ஆளிடம் பிறந்த தேதி கேட்பது எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்கிறேன். கூடவே, கடைசியாக எங்கே தூங்கினீர்கள் என்றும் கேட்கிறேன். "நேத்து ராத்திரி பெங்களூர்ல இறக்கிட்டு நேரா வர்றேங்க" என்றால், ஏற்றி முடித்ததும் ஆலைக் கொட்டகையில் பாய் போட்டுக் கொடுத்து விடிகாலைதான் கிளம்பச் சொல்வேன். புரோக்கர் சிடுசிடுப்பார். வண்டி நின்றதற்கு ஒரு ராத்திரி ஹால்டிங் கூலி கேட்டால் கொடுத்துவிடுகிறேன். கால் உடைந்த அந்தப் பையனுக்கு இன்சூரன்ஸ் இல்லாத வண்டியிலிருந்து எதுவும் வரவில்லை. நான் அனுப்பியது ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அவர் இப்போது ஈரோட்டில் ஒரு குடோனில் வாட்ச்மேன்.

எல்லாம் சேர்த்து 20 நிமிடம் ஆகும். சீசனில் ஒரு லோடுக்கு 20 நிமிடம் என்பது பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வண்டி வந்து நின்ற பிறகு பார்த்தால் சங்கடத்தில் சரி என்று சொல்லிவிடுவோம் என்பதால் வண்டி எண் வந்த உடனே, ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, தேதிகளைப் பார்த்துவிடுகிறேன். வாசலில் பார்ப்பது டயர், படுதாவில் ஓட்டை, பின்விளக்கு, சேஸிஸ் எண் மட்டும்.

போன ஆடியில் ஒரு வண்டி அப்படிப் பார்க்காமல் வந்துவிட்டது. ஏற்பாடு செய்த வண்டி பஞ்சராகி, மாற்று வண்டி என்று அனுப்பிவிட்டார்கள். டிரைவருக்கு 50 வயதிருக்கும். நான் போனில் தட்டிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல என் வண்டியைப் பத்திப் போட்டிருக்குமாம்மா?" என்று கேட்டார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். இன்சூரன்ஸ் மார்ச் வரை இருந்தது. எஃப்.சி. வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று புதன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். பிறகு கொட்டகை ஓரமாகப் போய் ஓனருக்குப் போன் போட்டார். "அண்ணே, வெள்ளிக்கிழமையோட எஃப்.சி. முடியுதாமே, எங்கிட்ட ஏன் சொல்லல... இல்லண்ணே, இந்தூருக்கு நான் போகல. வண்டியை ஊருக்குக் கொண்டாரேன், பாத்துட்டுக் கூப்பிடுங்க" என்றார். அதற்குள் ஏற்றியிருந்த 12 மூட்டையை ஆறுமுகம் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே இறக்க ஆரம்பித்தார்.